மூட்டையெல்லாம் வடக்குப் பக்கம்

புயலைப் பற்றிப் பேச்சு வந்தால் ஆளாளுக்கு ஒன்று ஞாபகம் வரும். சிலருக்கு விழுந்த மரம், சிலருக்கு மூழ்கிய வண்டி. எனக்கு என் சகலை ஞாபகம் வருவார். காற்றும் மழையும் அவருக்குப் பின்னால்தான் நிற்கும்.

சகலை என்றால் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். ஆவடியில் ராணுவ டாங்கி செய்கிற தொழிற்சாலையில் வேலை. கான்கிரீட் தளம் போட்ட குவார்ட்டர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசையில் நின்று ஜன்னல் கண்ணாடி அதிரப் பாடுகிற குரல், அந்தக் குரலுக்கு ஏற்ற உடம்பு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் போல்ட்டுக்கு மரை போடுகிற ஒரு சின்னப் பட்டறையில் இருந்தேன். பாட்டுக்கு வாயை மட்டும் அசைப்பேன். உடம்பு, சட்டை மாட்டுகிற ஆணியைவிடக் கொஞ்சம் பெரிது.

அவர்மேல் எனக்கு இருந்த பொறாமைக்கு ஓய்வு ஒழிச்சலே கிடையாது. அவருக்குக் காய்ச்சல் வந்தால்கூடப் பொறாமைப்படுவேன். ஏனென்றால் அவருக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால் மாமியார் அரக்கோணத்திலிருந்து தூக்குவாளியில் மிளகு ரசத்தோடு ரயிலேறி வந்துவிடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது, "மாத்திரை போட்டாராமா?" என்று பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து கேட்டார். நான் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ரசத்தை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

அண்ணனூரில் ஸ்டேஷனுக்குப் பின்னால், மின்சார ரயில்களை நிறுத்திவைக்கிற ஷெட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் நாங்கள் வீடு கட்டி மூன்று மழைக்காலம் ஆகியிருந்தது. செங்கல் சுவர். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு, பாதி வடக்கே சரியும், பாதி தெற்கே சரியும். வடக்குச் சரிவுக்குக் கீழே கூடம், தெற்குச் சரிவுக்குக் கீழே படுக்கையறையும் சமையல்கட்டும். ஷீட்டைப் பிடித்திருந்த போல்ட் ஒவ்வொன்றுக்கும் நானே மரை போட்டது. என்ன செய்து என்ன, என் மாமனார் அந்த வீட்டில் ஒரு ராத்திரி தலைசாய்த்ததில்லை. வருவார். நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிப்பார். அண்ணாந்து பார்ப்பார். "ஷீட்டு ஊடு, அனல் எறங்கும்" என்பார். சாயங்கால வண்டியில் அடுத்த ஸ்டேஷனுக்குப் போய் சகலை வீட்டில் படுத்துக்கொள்வார். மார்கழி மாதத்திலும் அதையேதான் சொன்னார்.

என் மனைவி இதற்காக அழுததில்லை. ஆனால் அவர் போன பிறகு காபி டம்ளரை அவசியத்துக்கு மேல் தேய்த்துக் கழுவுவாள். ஒருமுறை மட்டும் சொன்னாள்: "எங்கப்பா ஒரு வாட்டி நம்ம ஊட்ல தங்கிட்டா போதுங்க. அக்கா ஊடு மட்டும்தான் பொண்ணு ஊடா?"

அந்த ஐப்பசியில் அது நடந்தது. குவார்ட்டர்ஸில் வெள்ளையடிக்கிறார்கள், சுண்ணாம்பு வாடை மாமியாருக்கு ஆகாது, அதனால் இந்தத் தடவை மாமனாரும் மாமியாரும் எங்கள் வீட்டில் தங்குவார்கள் என்று தகவல் வந்தது. எனக்குக் கிடைத்த மரியாதைகூட சகலை வீட்டுச் சுண்ணாம்பு வழியாகத்தான் வந்தது. பரவாயில்லை என்று புது மெத்தை வாங்கிப் படுக்கையறையில் போட்டோம். அவர்கள் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று மத்தியானம் ரேடியோவில் வங்கக் கடல் புயல் சென்னையை நெருங்குகிறது என்றும் துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றும் சொன்னார்கள்.

மாமனார் ரேடியோவைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து ஷீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூன்றில் நான்தான் அவருக்கு மிகவும் லேசாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"பெரிய மாப்ள ஊடு தளம் போட்டது" என்றார் பொதுவாக.

"இதுவும் பறக்காது மாமா. நீங்க பாருங்க" என்று சொல்லி மேலே ஏறினேன்.

எங்கள் பக்கத்தில் ஷீட்டு வீட்டுக்காரர்கள் புயலுக்குச் செய்கிற ஒரே ஏற்பாடு மணல் மூட்டை. காலி சிமெண்ட் சாக்கில் மணலை நிரப்பி, வாயைக் கட்டி, ஷீட்டைத் தாங்குகிற இரும்புக் குழாய் ஓடுகிற வரிசை பார்த்து மேலே வைப்பது. வீடு கட்டி மிஞ்சிய மணல் கொஞ்சம்தான் இருந்தது. அத்தனையையும் மூட்டை கட்டி வடக்குச் சரிவில் வைத்தேன். கீழே நின்ற என் மனைவி கேட்டாள்.

"தெற்குப் பக்கம் ஒண்ணுகூட வெக்கலியே?"

"ஐப்பசி மாசத்துல எந்தக் காத்துடி தெற்கால இருந்து வருது? வாடைக் காத்துன்னு பேரே அதுக்குத்தான்."

"அம்மிக்கல் சும்மாதான் கீது. அதையாவது தெற்கால வெய்ங்களேன்."

தெருவைச் சுற்றிப் பார்த்தேன். ஷீட்டு வீட்டுக்காரர்கள் எல்லோரும் வடக்குச் சரிவில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். ஐப்பசியில் காற்று எங்கிருந்து வரும் என்று பிறந்ததிலிருந்து தெரிந்த ஜனம் நாங்கள். அம்மியை வைத்துக்கொண்டு சட்னி அரை என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

விடிவதற்கு முன் காற்று பிடித்தது. முதலில் கேட்டது ஓலமெல்லாம் இல்லை. யாரோ தெருமுனையில் பெரிய லாரியை நியூட்ரலில் போட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கிற மாதிரி ஒரு உறுமல். லாரி நகரவே இல்லை, மிதிப்பது மட்டும் அதிகமாகிக்கொண்டே போனது. வெளிச்சம் வந்தபோது பார்த்தால் மழை மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. எதிர்வீட்டு முருங்கை முதலில் படுத்தது. பிறகு ஒரு டிவி ஆண்டெனா தெருவில் நடந்து போனது. காது அடைத்துத் திறந்து அடைத்தது. கதவிடுக்கில் தண்ணீர் ஊசி போலப் பீய்ச்சியது. வடக்கே இருந்து அடித்ததால் எல்லோரும் தெற்கே படுக்கையறையில் இருந்தோம். புது மெத்தையில் யாரும் படுக்கவில்லை. மாமனார் அதன் ஓரத்தில் உட்கார்ந்து ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையை எடுத்தால் அது போய்விடும் என்பது போல.

மாமியார் முழங்கால்போட்டு ஜெபம் செய்தார். "கர்த்தாவே, எங்க பெரிய மருமகனை உம்முடைய செட்டைகளுக்குள்ளே மறைத்துக்கொள்ளும். அவருடைய வீட்டைக் காத்தருளும். அவருடைய பிள்ளைகளைக் காத்தருளும்." கான்கிரீட் தளத்துக்குள் இருக்கிறவருக்குக் கர்த்தரின் சிறகு எதற்கு என்று நினைத்தபடி என் முறைக்குக் காத்திருந்தேன். காற்று ஒருமுறை வீட்டையே உலுக்கியது. மாமியார் கண்ணைத் திறந்து மேலே பார்த்து, "இந்தக் கூரையையும்" என்று சேர்த்துக்கொண்டு ஆமென் சொன்னார். கூரைக்குக் கீழே யார் இருந்தார்கள் என்பது கர்த்தருக்கே தெரியும் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது.

ஆனால் வடக்குச் சரிவு அசையவில்லை. மூட்டைகள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. அப்புறம், காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும், லாரியை யாரோ அணைத்தார்கள்.

அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இலை அசையவில்லை. மேகத்துக்குப் பின்னால் வெயில் வெள்ளையாகத் தெரிந்தது. தெரு முழுக்கக் கசக்கின வேப்பிலை வாசம். ஜனங்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, கல்யாண வீட்டில் சந்தித்துக்கொள்கிறவர்கள் மாதிரி சிரித்துக்கொண்டார்கள். நான் நடுத்தெருவில் நின்று என் வீட்டைப் பார்த்தேன். ஒரு ஷீட்டு போகவில்லை. என் மனைவி வாசலில் நின்று தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் வெளியே வந்து கூரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே மாப்ள" என்றார்.

என் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னிடம் சொன்ன முதல் பரவாயில்லை. அதை நான் சரியாக அனுபவிப்பதற்குள், தண்டவாளத்துப் பக்கமிருந்து ஒரு உருவம் வந்தது. முழங்கால் வரை கருப்பு பூட்ஸ், தொழிற்சாலையில் கொடுத்த நீள மழைக்கோட்டு. வண்டி ஓடாததால் ஆவடியிலிருந்து தண்டவாளத்தோடேயே நடந்து வந்திருந்தார், பாதி வழி காற்றில், பாதி வழி காற்றில்லாமல். என் சகலை.

மாமியார் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "எங்களைக் கூட்டிகினு போகத்தான் இந்தப் புயல்ல வந்தீங்களா?"

சகலை வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. மாமியார் சொல்ல விடவில்லை. "நான் கர்த்தர்கிட்ட கேட்டேன், உங்களை அனுப்பிட்டாரு" என்று உள்ளே போய்ப் பெட்டியில் துணியை அடுக்க ஆரம்பித்தார். மாமனாரும் செருப்பைத் தேடினார். பரவாயில்லை என்ற வார்த்தைக்கு ஆயுள் அவ்வளவுதான்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். டம்ளரைத் தேய்க்கிற முகம்.

"டீ குடிச்சிட்டுப் போலாம் மாமா" என்றேன்.

"வேணாம் மாப்ள, காத்து நின்னுருக்கும்போதே கெளம்பிடறோம்."

"காத்து நின்னுருக்கா? புயலே போயிடுச்சு மாமா. இனிமே எங்க ஓடணும்? சகல நடந்து வந்து களைச்சுக் கீறாரு. ஒரு வாய் டீ."

எனக்கு அப்போது அவர்கள் பாதுகாப்பைப் பற்றி எந்தக் கவலையும் கிடையாது. பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து என் வெற்றியைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போகிறாரே, அதை எவ்வளவு நேரம் தள்ளிப்போடலாம் என்பதுதான் கவலை. நனைந்த தீப்பெட்டியில் ஸ்டவ் பற்ற நேரமானது, சந்தோஷம். பால் இல்லை, எதிர்வீட்டில் வாங்கி வரச் சொன்னேன். டீ வந்த பிறகு சர்க்கரை பத்தவில்லை என்றேன். சகலை ஆச்சரியமாக ஒத்துழைத்தார். இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிஸ்கட் இருக்கிறதா என்றும் கேட்டார்.

"கெளம்பலாமா பெரியவரே?" என்று மாமனார் எழுந்தார். மாமியார் பெட்டியைத் தூக்கினார்.

அப்போது லாரியைத் திரும்பக் கிளப்பினார்கள். இந்தமுறை தெருவின் மறுமுனையில்.

தெற்கே இருந்து வந்தது. வாடைக்காற்று மாதமாவது ஒன்றாவது. ஒரே அறையாக அறைந்தது. வாசலில் நின்ற வாளி வடக்கே பறந்தது. படுக்கையறையில் எங்கள் தலைக்கு மேலே, மூட்டையில்லாத தெற்குச் சரிவு, தூங்கி எழுந்த ஆள் சோம்பல் முறிக்கிற மாதிரி ஒருமுறை ஏறி இறங்கியது. சுவரில் பதித்திருந்த குழாய் ஒரு சாண் உயர்ந்து, செங்கல் தூளைக் கொட்டிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தது. புயலுக்கு நடுவில் ஓட்டை உண்டு, அது கடந்ததும் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் என்பதெல்லாம் பிற்பாடு பேப்பரில் படம் போட்டு விளக்கியிருந்தார்கள். எங்களுக்கு அந்தப் பாடம் நேரடியாக நடந்தது.

"பொம்பளைங்க கூடத்துக்குப் போங்க. அங்க கெடக்கற கட்டிலுக்குக் கீழ குந்துங்க. மாமா, நீங்களும்" என்று சகலை சர்ச்சில் பாடுகிற குரலில் கத்தினார். புயலுக்காக உள்ளே எடுத்து வைத்திருந்த கிணற்றுக் கயிற்றைக் குழாயின் மேலே வீசி, ஒரு முனையைத் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு தரையில் சப்பென்று உட்கார்ந்தார். மறுமுனையை என்னிடம் எறிந்தார். நானும் அதே மாதிரி சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த காற்றில் குழாய் எழுந்தது. சகலை அசையவில்லை. நான் எழுந்தேன்.

"சகல, வுடாத" என்றார்.

"நான் எங்க வுட்டேன்? அது என்னை வுட மாட்டேங்குது."

"இன்னாத்த துன்ற நீ? காத்தாடி மாதிரி போற."

"உங்களுக்குப் போட்டது போக மிச்சம் இருந்தா துன்றேன்."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் இன்னும் கனமானார். மாமியார் வருஷக்கணக்காக அவருக்கு ஊட்டிய கறியும் ரசமும் அன்று என் வீட்டுக் குழாயைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டிருந்தன. நான் மேலே போவதும் கீழே வருவதுமாக இருந்தேன். ஓரத்து ஷீட்டு இரண்டு, துப்பாக்கி வெடிக்கிற சத்தத்தோடு பிய்த்துக்கொண்டு போயின. மழை உள்ளே வந்து புது மெத்தையை நிரப்பியது. மற்றவை போகவில்லை.

நடுவில் ஒருமுறை காற்று மூச்சு வாங்கியபோது அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சகல, ஒண்ணு சொல்றேன். அவங்களாண்ட சொல்லாத."

"சொல்லுங்க."

"அத்தே பாட்டுக்குப் பொட்டி கட்டறாங்க. எங்க இட்டுகினு போறது? காலைலயே வேப்பமரம் எங்க சமையல்கட்டு மேல சாய்ஞ்சிடுச்சு. தளம் நடுவுல புட்டுகினு தொங்குது. பொஞ்சாதி புள்ளைங்களப் பக்கத்து பிளாக்குல வுட்டுட்டு, உன் ஊட்ல தங்க எடம் கெடைக்குமான்னு கேக்கத்தான் வந்தேன். வாயத் தொறக்கறதுக்குள்ள அத்தே அழுதுட்டாங்க."

பிஸ்கட் கேட்டதன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவரும் என்னைப் போலவே நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்திருக்கிறார். கான்கிரீட் விழுந்தது, ஷீட்டு நிற்கிறது. இத்தனை வருஷப் பொறாமைக்குக் கர்த்தர் ஒரே தவணையில் பதில் சொல்லிவிட்டார் என்று எனக்குள் மணியடித்தது. உடனே அடுத்த காற்று வந்து என்னைத் தூக்கியது.

மத்தியானத்துக்கு மேல் வெறும் மழையானது. மாமனார் கட்டிலுக்குக் கீழிருந்து வந்து, ஷீட்டில்லாத இடத்தில் வானத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கெளம்பலாமா பெரியவரே?"

சகலை என்னைப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையும் கயிறு உரித்துச் சிவந்திருந்தன, ஊதிக்கொண்டிருந்தார். சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. என் கையும் அதே மாதிரி எரிந்துகொண்டிருந்ததோ என்னவோ, வேறு ஏதோ சொன்னேன்.

"தண்டவாளத்துல மரம் விழுந்து கெடக்கும் மாமா. கூடம் காஞ்சிதான் கீது. நீங்க இங்கயே இருங்க. சகல போயி அண்ணியையும் புள்ளைங்களையும் இங்க இட்டுகினு வரட்டும். எல்லாம் ஒண்ணா இருப்போம்."

மாமனார் யோசித்தார். "பெரியவரு இன்னா சொல்றாரு?"

பெரியவர் மோவாயைத் தடவினார். எனக்குப் பெரிய உபகாரம் செய்கிறவர் மாதிரி பெருமூச்சு விட்டார்.

"சரி மாமா. சின்னவரு ஆசைப்படறாரு."

அப்படியாக என் மாமனார் என் வீட்டில் முதன்முதலாகப் படுத்தார், சகலையின் அனுமதியோடு, சகலைக்குப் பக்கத்தில். சாயங்காலம் குழந்தைகளோடு வந்த அண்ணி வேப்பமரக் கதையை வாசற்படியிலேயே போட்டு உடைத்தார். நான் மாமியார் முகத்தை ஆவலோடு பார்த்தேன். அவர் மார்பில் கையை வைத்துக்கொண்டார்.

"தன் ஊட்டு மேல மரம் விழுந்துங்கூட எங்களத் தேடி வந்திருக்காரே. இந்த மாதிரி மனசு யாருக்கு வரும்?"

சகலை தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் கைக்கு மாமியார் தேங்காயெண்ணெய் தடவினார். என் கைக்கு நானே தடவிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் புயலில் தப்பியவர்கள் ஒவ்வொருவராக எழுந்து சாட்சி சொன்னார்கள். எங்கள் சபையில் உயிர் பிழைத்தால் எழுந்து சொல்லியாக வேண்டும். மாமியார் எழுந்தார். பெரிய மருமகன் தண்டவாளத்தில் நடந்து வந்ததைச் சொன்னார், கயிற்றைச் சொன்னார், அவருடைய பலத்தைச் சொன்னார். நான் பெஞ்சு நுனியில் உட்கார்ந்து என் பெயருக்காகக் காத்திருந்தேன்.

"நாங்க அப்பவே கெளம்பியிருந்தா நடுத் தண்டவாளத்துல அந்தக் காத்துல மாட்டியிருப்போம். சின்ன மருமகன் டீ டீன்னு உயிரை வாங்கினாரு. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. அப்புறந்தான் புரிஞ்சுது, கர்த்தர் நெனைச்சா கழுதையைக்கூட உபயோகப்படுத்துவாரு. ஸ்தோத்திரம்."

சபை மொத்தமும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, கழுதை எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது என்று திரும்பிப் பார்த்தது. சகலை என் தொடையைத் தட்டினார். "உன்னத்தான் சொல்றாங்க சகல, எழுந்து நில்லு."

கூட்டம் கலைந்து வாசலுக்கு வந்தோம். இடதுபக்கம் போனால் ஆவடி பஸ், வலதுபக்கம் எங்கள் வீடு. குவார்ட்டர்ஸில் ஆட்கள் வந்து மரத்தை அறுத்து, சமையல்கட்டுக்குத் தற்காலிகமாக முட்டுக்கொடுத்துவிட்டிருந்தார்கள்.

"ஊடு ரெடி ஆயிடுச்சு மாமா, வாங்க" என்றார் சகலை. அண்ணி மாமியாரின் பையை வாங்கக் கையை நீட்டினார். என் மனைவி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமனார் இடதுபக்கம் பார்த்தார். வலதுபக்கம் பார்த்தார்.

"நீங்க முன்னால போங்க பெரியவரே. நான் இன்னும் கொஞ்ச நாள் இங்க இருந்துட்டு வரேன்."

"ஏன் மாமா?"

"அந்த ரெண்டு ஷீட்டைத் திரும்பப் போடணும்ல. நான் பக்கத்துல நிக்கலேன்னா இவரு அதையும் தூக்கினு போயி வடக்குப் பக்கம் போட்ருவாரு."

மாமியார் தன் பையைத் தானே தோளில் மாட்டிக்கொண்டு வலதுபக்கம் நடக்க ஆரம்பித்தார். என் மனைவி அவருக்கு முன்னால் ஓடி, வழியில் கிடந்த கிளைகளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே போனாள். நான் திரும்பி சகலையைப் பார்த்தேன். அவர் மாமனாரின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும், தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம். பொறாமை என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறேன். பசியாகவும் இருந்திருக்கலாம்.